பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு நடைபாதை

(திண்டிவனத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரி, மதகு, கலங்கல், வரத்துக்கால் என்பவற்றைப் பற்றி உங்களுக்கு விரித்துரைக்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. பயனில் உள்ள நீர்நிலைகளைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம், பேசுவோம். இன்று நாம் எடுத்துக் கொண்ட பொருள் சற்று வேறானது. பயன் ஒழிந்து கிடக்கும் ஒரு நீர்வழியைப் பற்றியும், அதன் கரையில் மக்கள் நடப்பதற்கு ஒரு பாதை வேண்டும் என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

"நடப்பதற்கு ஒரு பாதையா? நாள் முழுதும் வரப்பில் நடப்பவர்களிடம் வந்தா இதைக் கூறுவது?" என்று உங்களில் சிலர் முறுவலிப்பதைக் காண்கிறோம். அம்முறுவல் நியாயமானதே. நடையையும் ஒரு பொழுதுபோக்காகக் கொள்வது நகரத்தார் வழக்கம். ஆயினும் நாம் கூறும் பாதை நகரத்தார் உலாவுவதற்காக மட்டும் வேண்டப்படுவது அன்று. ஆளில்லாத கரை எவருக்கு உரியது என்னும் வழக்கு ஒருநாள் எழும். அன்று அக்கரையில் யார் நடந்து கொண்டிருந்தார்கள் என்பதே பெரிய சான்றாக நிற்கும். இதனை மனத்திற் கொண்டு மேலே கேட்க வேண்டுகிறோம்.

மரக்காணம் சென்று வந்தவர்கள் உப்பளங்களை ஒட்டி வடக்கு நோக்கி நீண்டு செல்லும் பழைய கால்வாயைக் கண்டிருப்பீர்கள். பாதி தூர்ந்தும் பாதி சீமைக் கருவேலம் மூடியும் கிடக்கும் அதனைப் பலர் ஏதோ ஓர் ஓடை என்றே எண்ணிக் கடந்து போகின்றனர். அதுவே பக்கிங்காம் கால்வாய். ஆந்திர நாட்டில் பெத்தகஞ்சத்தில் தொடங்கி, கடலை விட்டு விலகாமல் தெற்கு நோக்கி வந்து, சென்னை நகரை ஊடறுத்து, பாலாற்றையும் கடந்து நம் மரக்காணத்தில் முடிவது. அதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோ மீட்டர். அதில் 163 கிலோ மீட்டர் அளவு தமிழ்நாட்டில் உள்ளது. இத்துணை நீண்ட நீர்வழியின் தென்கோடி நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியார். ஆசிரியர்களும் பலர் அறியார்.

இதன் வரலாறு ஒரே நாளில் முடிந்த வேலையின் வரலாறு அன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் ஒரு தனியார் முயற்சியாகவே இது வெட்டப்பட்டது. முதலீடு செய்தவர் பெயரால் அதனைக் காக்ரேன் கால்வாய் என்றனர். 1837-இல் அரசாங்கம் அதனை எடுத்துக் கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீட்டினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடிய பஞ்சத்தை உங்கள் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று குறிப்பிடுவர். அப்பஞ்ச காலத்தில் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் எட்டுக் கிலோ மீட்டர் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் வாடிய மக்கள் மண் வெட்டிச் சுமந்து கூலி பெற்றனர். 1878-இல் அப்போதைய ஆளுநராகிய பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பெயர் வைக்கும் வழக்கம் அன்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கிறது!

இது பாசனக் கால்வாய் அன்று என்பதை உழவர்கள் கவனிக்க வேண்டும். இதில் ஓடுவது உப்புநீர். ஆற்று முகத்துவாரங்களின் வழியே கடல்நீர் ஏறியும் இறங்கியும் இதனை நிரப்பும். நீர்மட்டம் தாழாமல் நிறுத்துவதற்காக 'லாக்கு' எனப்படும் அடைப்புக் கதவுகளை ஆங்காங்கே அமைத்திருந்தனர். அடி தட்டையான பெரிய படகுகள் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிச் சென்றன. காற்று இருந்தால் பாய் விரிப்பர். காற்று இல்லையேல் கழி ஊன்றித் தள்ளுவர். அல்லது படகில் கயிறு பூட்டி ஆட்கள் கரையில் நடந்தே இழுத்துச் செல்வர். சுமை ஏற்றிய படகை ஒருவர் இருவர் இழுத்துச் செல்ல முடியுமா என்று ஐயுறலாம். அசையாத நீரில் மிதக்கும் சுமை மெல்ல இழுத்தால் மெல்ல வரும். வண்டியில் ஏற்றினால் பல மாடுகள் வேண்டிய பாரத்தை நீரில் சில மனிதர் இழுத்தனர். கால்வாய்களின் பொருளாதாரம் முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கியிருந்தது.

இழுப்பவர் நடப்பதற்குக் கரை உறுதியாக இருக்க வேண்டும்; கயிறு சிக்காமல் செல்ல வேண்டுமாதலால் புதரின்றித் திறந்திருக்கவும் வேண்டும். ஆகவே இக்கரை தொடக்கத்திலிருந்தே ஒரு நடைபாதை. இன்று நாம் கேட்பது புதிதாக ஒன்றை அமைக்கும்படி அன்று. படகோட்டிகள் தேய்த்து வைத்த பாதையை மீண்டும் திறக்கும்படிதான் கேட்கிறோம்.

கால்வாய் ஏன் அழிந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. திண்டிவனம், விழுப்புரம் வழியாக ரயில் வந்தது. பின்னர் லாரி வந்தது. மணலும் சேறும் தூர்த்துக் கொண்டே வந்தன. 1965, 1966 ஆண்டுகளில் அடித்த புயல்கள் எஞ்சியதைக் கெடுத்தன. சென்னை நகரில் அது சாக்கடையாயிற்று. அதன் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்களும் நட்டனர். தென்கோடியில், நம் பக்கத்தில், அத்தகைய கேடு நேரவில்லை. நம்மவர்கள் அதனைக் கெடுக்கவில்லை. மறந்து மட்டும் போயினர்.

2008-ஆம் ஆண்டு நவம்பரில் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும், அவற்றோடு நம் கழுவெளியையும், கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று சட்டம் செய்தனர். முதற்கட்ட வேலை ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றில் எடுத்துக் கொள்ளப்பட்டது. மரக்காணத்துக்குச் சரக்குப் படகு வந்து சேரவில்லை. என்றேனும் வந்தால் வரட்டும். மண்பாதை படகுக்குத் தடையாகாது. கரையில் கட்டிய கட்டடம் தடையாகும். இவ்வேறுபாட்டை ஊராட்சிகள் நினைவில் வைப்பது நலம்.

இனிக் கழுவெளியைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும்.

வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் இந்நீர்நிலையை ஏரி என்பார் உண்டு. கழி என்பாரும் உண்டு. இரண்டும் சரியே. தென்புறத்தில் நன்னீர் மிகுதி. வடபுறத்தில் கடலின் ஏற்றவற்றம் புகும். சுற்றிலும் உள்ள எண்ணற்ற ஏரிகளின் கலங்கல் வழிந்த நீர் ஓடைகளின் வழியே இங்கு வந்து தங்கி, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்தோடு சேருவதுதான் நம் கால்வாயின் தென்முனை. ஆகவே ஏரி, கழி, கால்வாய், கடல் ஆகிய நான்கும் இங்கே ஒரே நீர்த்தொடராக அமைந்துள்ளன. உங்கள் ஊர் ஏரி நிரம்பி வழியும் நாளில் அந்நீர் எங்கே போகிறது என்று கேட்டால், நீங்கள் காட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் இதுவே.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய நாளில் போக்குக்கால் ஒவ்வொன்றும் உயிர்நிலை ஆகிறது. தாழ்நிலத்தில் நீர் பரவி நிற்க இடமும், கடலுக்கு இறங்க வழியும் வேண்டும். கழுவெளி அந்த இடம். கழிமுகமும் கால்வாயும் அந்த வழி. பறவைக்காக ஏன் இத்துணை நிலத்தை ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாம் கூறும் முதல் விடை பறவையைப் பற்றியது அன்று. வெள்ளத்தைப் பற்றியது.

2021 டிசம்பரில் மாநில அரசு இங்கு 5,151.6 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏக்கரில் கூறின் 12,700-க்கு மேல். தமிழ்நாட்டின் பதினாறாவது பறவைகள் சரணாலயம் இது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பின் பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், ஆலா முதலியவற்றை இங்குக் காணலாம். வலசை வரும் செங்கால் நாரையும் இங்கு இறங்குகிறது. மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் ஒன்று அமைப்பதாகவும் அரசு அறிவித்துள்ளது. ஆகவே பார்வையாளர் வரத்தான் போகின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே செல்லும் வண்டிகள் இங்கே நிற்கத் தொடங்கினால், அவர்களை எவ்வழியே நடக்க விடுவது என்பதை முன்கூட்டியே ஊரார் முடிவு செய்திருக்க வேண்டும். ஊரார் முடிவு செய்யாவிடில் தேநீர்க் கடைக்காரரும் மனை விற்பவரும் முடிவு செய்வர்.

உழவர்களின் மனக்குறையை நாம் அறியாதவர் அல்லோம். கழுவெளியை ஒட்டிய ஊர்களில் பேசும்போதெல்லாம் மூன்று பேச்சுகள் எழுகின்றன. தாழைக்கோழி நெற்பயிரை மிதித்துக் கெடுக்கிறது என்பது ஒன்று. மாடு மேய்த்த இடத்தில் இனி மேய்க்கலாமா என்பது மற்றொன்று. மூன்றாவது அச்சம் பெரியது: "இன்று நடைபாதை என்பீர்கள், நாளை வேலி என்பீர்கள், மறுநாள் எங்கள் நிலம் என்ன ஆகும்?" இக்கேள்வியை எள்ளி நகையாடுபவர் கிராம வாழ்வை அறியாதவர். சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உழவனுக்கு முதலில் தோன்றுவது பறவை அன்று, சீருடை.

ஆனால் சட்டம் கூறுவதையும் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு பகுதியைச் சரணாலயம் ஆக்கும் போது அங்கு யாருக்கு என்ன உரிமை உண்டு என்பதை மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். உரிமை கோருவோர் எழுத்து மூலம் கோரலாம். தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்துகொண்டு ஓர் உரிமையைத் தொடர அனுமதிக்கவும் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. உள்ளே நிலவுரிமை உள்ளவரும், பொதுச்சாலை வழியே செல்பவரும் தனி அனுமதி பெற வேண்டியதில்லை. பிறருக்கு அனுமதி வேண்டும். இதனால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. உரிமை உள்ளவர் வாய்மொழியாகப் புலம்பிக் கொண்டிராமல் எழுத்தில் பதிய வேண்டும் என்பது ஒன்று. எந்த ஊராட்சியும் தன் விருப்பப்படி சரணாலயத்துக்குள் புதுப்பாதை வெட்டிவிட முடியாது என்பது மற்றொன்று. வனத்துறையும் கால்வாய்க்குப் பொறுப்பான நீர்வளத்துறையும் ஒப்ப வேண்டும். கேட்காமல் வெட்டிய பாதை நல்லெண்ணத்தால் வெட்டியதாயினும் வழக்கில்தான் முடியும்.

பறவையும் உழவும் பகையாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. நமக்கு அண்மையில், மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டைக்காரர்களிடமிருந்து பறவைகளைக் காக்கக் கோரி அன்றைய கலெக்டரிடம் உறுதிமொழி எழுதி வாங்கினர். 1858-இல் அதனைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவை மேல் இரக்கம் மட்டும் காரணமன்று. எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு எருவாகும் என்பதை அவ்வுழவர்கள் கண்டிருந்தனர். இன்று அவ்வூருக்குப் போகிறவர்கள் எதன்மேல் நடந்து பறவை காண்கின்றனர்? ஏரிக்கரையின் மேல்தான். கரையை உழவர்களே காத்து வைத்திருந்தனர். பார்வையாளர் பின்னர் வந்து சேர்ந்தனர். கழுவெளி உவர்ப்புக் கலந்த நீராதலால் எருநீர்க் கணக்கு அப்படியே பொருந்தாது. ஊரார் முன்வந்து கேட்டு வாங்கியது என்னும் செய்தி மட்டும் முற்றிலும் பொருந்தும்.

வெளிநாட்டுச் செய்திகளையும் இங்கே கூறுவது தகும்.

இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் பழைய குடிநீர்த் தேக்கங்கள் நான்கு இருந்தன. விக்டோரியா அரசி காலத்தவை. நகருக்கு நிலத்தடிச் சுரங்கக் குழாய் அமைத்த பின் அவை வேண்டாதன ஆயின. காங்கிரீட் தொட்டிகளை உடைத்து, குட்டைகளும் நாணற் படுகைகளும் ஆக்கி, சுமார் 105 ஏக்கரில் நடைவழிகள் அமைத்து 2000-ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்தனர். பறவைகள் தாமே வந்து சேர்ந்தன. ஆனால் அவ்வேலைக்கான பணத்தைத் தேடுவதற்காக அந்நிலத்தில் ஒரு பகுதியை வீடு கட்ட விற்றனர். அவர்களுக்கு அது ஒத்து வந்திருக்கலாம். நம் கரையில் ஒரு சென்ட் விற்றாலும் எஞ்சியது நிற்காது என்பது நம் கருத்து.

அமெரிக்காவிலிருந்து வரும் செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. வாஷிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்து என்னும் ஊர் வரையில் போட்டோமாக் ஆற்றை ஒட்டி ஒரு கால்வாய் உண்டு. 1828-இல் தொடங்கி 1850-இல் முடித்தனர். அங்குக் கரையில் நடந்து படகை இழுத்தவை கோவேறு கழுதைகள். ரயில் வந்து அக்கால்வாயின் வாணிபத்தைக் கெடுத்தது. 1924-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் படகுப் போக்குவரத்து அற்றே போயிற்று. நம் கால்வாயின் கதையேதான். பின்னர் அதன்மேல் மோட்டார்ச் சாலை போடலாம் என்று ஒரு யோசனை கிளம்பிற்று. 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் தலைநகரின் பெரிய பத்திரிகை ஒன்று அதனை ஆதரித்து எழுதியது. அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் என்பவர் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். கால்வாய்க் கரையில் தம்முடன் நடந்து பார்த்துவிட்டுப் பிறகு எழுதும்படி அழைத்தார். மார்ச் மாதத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் நடக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 300 கிலோ மீட்டர், எட்டு நாட்கள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் நீதிபதி உட்பட ஒன்பது பேர். ஆயினும் மக்களின் கருத்து திரும்பிற்று. பத்திரிகையும் தன் கருத்தைத் தளர்த்திக் கொண்டது. சாலை வரவில்லை. 1971-இல் கால்வாய் முழுவதும் தேசியப் பூங்காவாயிற்று. படகிழுத்த பாதை இன்று நடைபாதை.

அந்நீதிபதி கரையில் நின்று சொற்பொழிவு ஆற்றியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. நடந்தார். பாதையில் மனிதர் நடமாட்டம் உண்டென்றால் அதன்மேல் கை வைக்க எவரும் சற்றே தயங்குவர். நம் பக்கத்திலும் அவ்வாறே. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் உப்புப் பாத்தியின் வரம்பு ஆண்டுக்கு ஓரடி நகரும்; இறால் குட்டையின் கரை மெல்லச் சாயும்; இரவில் மண் ஏற்றிய டிராக்டர் போகும். நாள்தோறும் பத்துப் பேர் நடக்கும் கரையில் இவை நடப்பது அரிது. காவலர் ஒருவரை நியமிப்பதினும் நடைபாதை ஒன்றைத் திறந்து வைப்பது மலிவு.

இனி, பாதையை எவ்வாறு அமைப்பது? இதில் நமக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு. ஒளிவு மறைவின்றிக் கூறிவிடுகிறோம்.

முதலாவது, சிமெண்டு வேண்டாம். ஓர் ஊரில் ஏரிக்கரையை அழகுபடுத்துவதாகக் கூறிக் கல் பதித்து, இரும்புக் கம்பி வேலியும் வண்ண விளக்குகளும் அமைத்ததை நாம் நேரிற் கண்டோம். எந்த ஊர் என்று கூறுவது நன்றன்று. கல் பதித்தவர்கள் கலங்கலுக்குப் போகும் வழியை ஓரடி உயர்த்திவிட்டனர். அடுத்த மழையில் நீர் கலங்கலில் போகாமல் கரையை அறுத்துக்கொண்டு போயிற்று. விளக்குகள் ஆறு மாதத்தில் அணைந்தன. பறவைகளோ விளக்கு எரிந்த காலத்திலேயே போய்விட்டன. மண்கரையை மண்ணாலேயே சீர்செய்ய வேண்டும். உடைந்த இடத்தில் அடிமண் தோண்டி நிரப்பித் திமிசு போட்டு, ஓரத்தில் அறுகு பிடிக்க விட்டால் போதும். இது நம் குடிமராமத்து முறைதான். புதிய வித்தை ஏதுமில்லை.

பாதை ஒருகரையில் மட்டும் இருக்கட்டும். மறுகரையை முழுவதும் பறவைக்கும் நண்டுக்கும் விட்டுவிட வேண்டும். எந்தக் கரை என்றால், இயன்ற வரையில் கிழக்குக் கரை. விடியற்காலையே பறவை பார்க்க ஏற்ற பொழுது. அப்போது கிழக்குக் கரையில் நிற்பவனுக்குக் கதிரவன் முதுகுப் பக்கம் இருப்பான். மேற்கே நீரில் நிற்கும் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மேற்குக் கரையில் நின்றால் கண் கூசும். பறவை கரிய நிழலாகத் தோன்றும். சிறு செய்திதான். ஆனால் இதனை அறியாமல் பெருஞ்செலவில் கோபுரங்கள் கட்டிவிடுவது உண்டு.

அகலம் இருவர் எதிரெதிரே ஒதுங்கிச் செல்லும் அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் அகலப்படுத்தினால் மோட்டார் சைக்கிள் ஏறும். அதனைத் தொடர்ந்து எல்லாம் ஏறும். முகப்பில் இரண்டு பனந்துண்டுகளை நட்டு ஆள் மட்டும் நுழையும்படி விடுவது நல்லது. மாடு ஓட்டிச் செல்பவருக்குப் பழைய வழி எங்கே உண்டோ அங்கே அவ்வழி அப்படியே இருக்க வேண்டும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு உண்டு. வேரோடு ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும் என்பர் சிலர். கரையில் இன்று மண்ணைப் பிடித்துக் கொண்டிருப்பது பல இடங்களில் அதன் வேர்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பாதைப் பக்கத்தில் முதலில் வெட்டி, பனையும் பூவரசும் புங்கனும் வைத்து, நீர் ஓரத்தில் அலையாத்தி வளர இடம் விட்டு, அவை காலூன்றிய பின் எஞ்சியதை எடுப்பதே முறை. பனை வைப்பவர் பயனைத் தாம் காண மாட்டார். ஆயினும் உப்புக் காற்றில் நிற்கும் மரம் வேறு எது?

நடைபாதை யாருக்காக என்ற கேள்விக்கு இங்கே வருகிறோம். முதல் உரிமை உப்பளத் தொழிலாளிக்கு. வெயிலில் உப்பு வாரும் பெண்கள் குடிநீர்க் குடத்தைத் தலையில் வைத்துக் கொண்டு வழுக்கும் பாத்தி வரப்பில் நடந்து வருவதைக் காண்பவர்களுக்கு இப்பாதையின் தேவையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுத்து, கழியில் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்பவர்களுக்கு. அவர்கள் இறங்கும் துறைகளில் படி வேண்டும். நிழலுக்கு ஓலைப் பந்தல் வேண்டும். ஒரு தொட்டி குடிநீர் வேண்டும். அவர்களுக்குப் பின்னரே பள்ளிப் பிள்ளைகளும், அவர்களுக்கும் பின்னர்த் தொலைநோக்குக் கண்ணாடி மாட்டிக் கொண்டு வரும் நண்பர்களும். வரிசை இவ்வாறு இருந்தால் பாதை நிலைக்கும். தலைகீழாக இருந்தால் ஊரார்க்கு அது அந்நியச் சொத்தாகவே தோன்றும். அந்நியச் சொத்தை எவரும் காப்பதில்லை.

வருமானம் பற்றிக் கேட்கிறீர்கள். பெரிய வருமானம் வரும் என்று கூறி உங்களை மயக்க நாம் விரும்பவில்லை. கழுவெளியில் பறவை நிறைந்திருப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையே. கோடையில் விளிம்புகள் காய்ந்து வெடிக்கும். அப்போது எவரும் வாரார். ஐந்து மாதத்தில் சில இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும், சில குடும்பங்களுக்கு இட்டிலி, மோர், பதநீர் விற்பனையும் கிடைக்கலாம். பறவையின் பெயரையும் அது வந்த திசையையும் கூறத் தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன், வெளியூர்ச் சிப்பந்தி இருவருக்குச் சமம். அந்த வேலையை ஊர்ப்பிள்ளைகளுக்கே ஒதுக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது. மையம் கட்டி முடிந்த பின் கேட்டால் இடம் நிரம்பிவிட்டது என்பர்.

நெற்பயிர்ச் சேதத்துக்கு விடை என்ன என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார். நேர்மையாகக் கூறின், பாதை அதற்கு விடை ஆகாது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை சென்டில் சேதம் என்று ஊராட்சியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வர வேண்டும். கணக்கோடு போகும் மனுவுக்கும் கணக்கில்லாமல் போகும் மனுவுக்கும் அலுவலகத்தில் எத்துணை வேறுபாடு என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். கரையில் நடப்பவர்கள் இக்கணக்குக்கும் உதவலாம். எந்தப் பறவை எங்கே மேய்கிறது என்பதை அவர்கள் காண்பர் அல்லவா?

தொடக்கம் சிறிதாக இருக்கட்டும். நூறு கிலோ மீட்டர்ப் பாதை என்று திட்டம் தீட்டிப் படம் வரைவதினும், இரண்டு கிலோ மீட்டரை நடக்கத் தக்கதாகச் செய்வது மேல். மரக்காணம் பேரூராட்சியும் அடுத்துள்ள ஊராட்சிகளும் ஒன்று கூடிப் பேசினால் இதற்கு ஒரு பருவம் போதும். பேரூராட்சிக்குத் தன் மன்றத் தீர்மானம் உண்டு. ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாட்கள் சபை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அந்நாளுக்கு இதனினும் ஏற்ற பொருள் வேறு இல்லை.

சபை கூடும் முன் ஒரு வேலை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கேட்டு, கால்வாய்ப் புறம்போக்கு என்று பதிவான புல எண்களைத் தனித்தாளில் எழுதிக் கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உறுப்பினர்கள் ஐந்தாறு பேர், உப்பளத்தில் வேலை செய்த முதியவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் நான்கு பேர் என்று சேர்ந்து, கால்வாய்க் கரையின் திறந்த பகுதியில் நடந்து பாருங்கள். சரணாலய எல்லைக்குள் செல்வதாயின் வனச்சரக அலுவலரிடம் முதல் நாளே அனுமதி பெற்றுக் கொள்ள வேண்டும். எல்லைக் கல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, கரை எங்கே உடைந்திருக்கிறது, போக்குக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறித்து வாருங்கள். புறப்படும்போது ஒரு அரிவாளும் இரண்டு கோணிப்பைகளும் உடன் இருக்கட்டும். வழியை மறிக்கும் முள்ளை விலக்க அரிவாள் வேண்டும். நெகிழிக் குப்பைக்கு இரண்டு பைகளும் போதுமா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.